நாலு பவுண்ட் தூரம்: நவோயா இனோவே 126-க்குப் போகலாமா?

எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.

2025 செப்டம்பர் 14-ஆம் தேதி ஜப்பான்ல நகோயா நகரத்துல நடந்த ஃபைட்டைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப் போறோம். நவோயா இனோவே, முரோத்ஜோன் அக்மதலியேவ். பார்க்காதவங்களுக்கு முதல்லயே ரிசல்ட் சொல்லிடறேன். இனோவே ஜெயிச்சுட்டார். 12 ரவுண்டும் போச்சு. ஜட்ஜ் ரெண்டு பேர் 118-110, ஒருத்தர் 117-111 கொடுத்தாங்க. நாலு பெல்ட்டும் அவர்கிட்டயேதான் நின்னுச்சு. அந்த ஃபைட்டோட 31 ஃபைட், 31 வெற்றி, அதுல 27 நாக் அவுட்.

ஃபைட் முடிஞ்சதும் எனக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே மாதிரிதான் இருந்துச்சு. "என்னங்க, நாக் அவுட் இல்லையே, மான்ஸ்டருக்கு வயசாயிடுச்சா?" மீதி பாதி, "இனிமே 122-ல யாரும் இல்ல, 126-க்குப் போய்த்தானே ஆகணும்?" முதல் கேள்விக்கும் ரெண்டாவது கேள்விக்கும் சம்பந்தம் இருக்கு. இன்னைக்கு எபிசோடே அந்த சம்பந்தத்தைப் பத்தித்தான்.

என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன். அவர் 126-க்குப் போகலாம்னு நான் நம்புறதுக்குக் காரணம் அந்த 27 நாக் அவுட் இல்ல. நாக் அவுட் இல்லாம ஜெயிச்ச இந்த நகோயா ஃபைட்தான் காரணம். ஏன்னு ஒவ்வொண்ணா பார்க்கலாம்.

நகோயாவில் என்ன நடந்தது

அக்மதலியேவ் சாதாரண ஆள் இல்ல. உஸ்பெகிஸ்தான்காரர், 2016 ரியோ ஒலிம்பிக்ல வெண்கலம் வாங்கினவர். 122-ல ரெண்டு பெல்ட் வச்சிருந்தவர். நகோயாவுக்கு முன்னாடி அவர் தோத்தது ஒரே ஒரு ஃபைட், 2023-ல மார்லான் தபாலெஸ்கிட்ட, அதுவும் ஸ்ப்ளிட் டெசிஷன். இடது கை ஆட்டக்காரர், உடம்பு கட்டை, அடி கனம். இனோவே தன்னைத் தவிர்க்கிறார்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டே இருந்தவர்.

இப்படிப்பட்ட ஆளை வழக்கமா இனோவே எப்படி எதிர்கொள்வார்? முதல் ரெண்டு ரவுண்ட் தூரம் அளப்பார், மூணாவது ரவுண்ட்ல இருந்து உள்ள புகுந்து உடைப்பார். இந்தத் தடவை அப்படிப் பண்ணல. ஜாப் போட்டார், வயித்துல ஒண்ணு வச்சார், ஒரு எட்டு விலகினார். திரும்ப வந்தார், ரெண்டு அடி, திரும்ப விலகினார். அக்மதலியேவோட கனமான அடி முக்கால்வாசி காத்துலதான் போச்சு. கடைசி ரவுண்ட் வரைக்கும் கால் நிக்கவே இல்ல.

கூட்டம் நாக் அவுட்டை எதிர்பார்த்துத்தான் வந்திருக்கும். இனோவேயும் நினைச்சிருந்தா சில ரவுண்ட்ல நின்னு அடிச்சிருக்கலாம். நிக்கல. இவ்வளவு வருஷத்துல இனோவே முழு தூரமும் போன நாலாவது ஃபைட்தான் இது. 2013-ல ரியோய்ச்சி தகுச்சி, 2016-ல டேவிட் கார்மோனா, 2019-ல நோனிட்டோ டோனைரே, இப்போ அக்மதலியேவ். இதுல கார்மோனா ஃபைட்ல கை அடிபட்டுச்சு. டோனைரே ஃபைட்ல கண் குழி எலும்பு உடைஞ்சு, எதிர்ல இருக்கிறவர் ரெண்டா தெரிய, அதோடயே ஆடி முடிச்சார். திட்டம் போட்டு, அடி வாங்காம, 12 ரவுண்டையும் தன் கையில வச்சிருந்தார்னு சொன்னா அது இந்த ஃபைட்தான்.

நாலு பவுண்ட்னா எவ்வளவு?

புதுசா கேக்கிறவங்களுக்காக ஒரு நிமிஷம். சூப்பர் பேண்டம்வெயிட்னா 122 பவுண்ட், அதாவது 55.3 கிலோ. அதுக்கு மேல ஃபெதர்வெயிட், 126 பவுண்ட், 57.2 கிலோ. வித்தியாசம் ரெண்டு கிலோ கூட இல்ல. ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்ட்டு வந்தா நமக்கெல்லாம் ஏறுற எடைதானேன்னு தோணும்.

ஆனா அந்த நம்பர் ஃபைட் நடக்கிற நேரத்து எடை இல்ல. முந்தின நாள் தராசுல ஏறும்போது இருக்க வேண்டிய எடை. அதுக்காகத் தண்ணியைக் குறைச்சு, உப்பைக் குறைச்சு, வேர்க்க வச்சு இறங்குவாங்க. தராசை விட்டு இறங்கினதும் ஒரு நாள் முழுக்கக் குடிச்சு, சாப்பிட்டுத் திரும்ப ஏத்துவாங்க. அதனால நிஜமான கேள்வி, 126-ல தராசு ஏறுற ஒருத்தர் அடுத்த நாள் ரிங்குக்கு எவ்வளவு எடையோட வர்றார் அப்படிங்கிறதுதான். எலும்புக்கூடு பெரிசா இருக்கிற ஆளுக்கு அதிகம் இறங்கவும் முடியும், அதிகம் ஏறவும் முடியும். நாலு பவுண்ட்ங்கிறது தராசு சொல்ற கணக்கு. ரிங்ல அது பத்து பவுண்டாவும் ஆகலாம்.

இன்னொரு விஷயம், கிளவுஸ் மாறாது. 122-லயும் 8 அவுன்ஸ், 126-லயும் 8 அவுன்ஸ். கைக்கும் முகத்துக்கும் நடுவுல இருக்கிற பஞ்சு அதேதான். பின்னாடி இருக்கிற உடம்பு மட்டும்தான் பெரிசாகுது.

இதுவரைக்கும் ஏறின படி

இனோவே ஏறினதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 108-ல ஆரம்பம். 2014 ஏப்ரல்ல ஆறாவது ஃபைட்லயே ஏட்ரியன் ஹெர்னாண்டஸை முடிச்சு உலக சாம்பியன். அந்த எடைக்கு இறங்குறதே அவருக்கு வதையா இருந்துச்சு, அந்த ஃபைட்லயே கால் தசை பிடிச்சுக்கிச்சு. ஒரே ஒரு தடவை டைட்டிலைக் காப்பாத்திட்டு, நடுவுல இருந்த 112-ஐ அப்படியே தாண்டி, அதே வருஷம் டிசம்பர்ல 115-க்குப் போனார். சதவீதத்துல பார்த்தா ஆறரை. அவர் எடுத்த பெரிய தாவல் அதுதான். 115-ல இருந்து 118 வெறும் 2.6 சதவீதம். 118-ல இருந்து 122, 3.4 சதவீதம். 122-ல இருந்து 126, 3.3 சதவீதம்.

நம்பரை மட்டும் பார்த்தா இது சின்ன படிதான். அந்தப் பெரிய தாவல்ல என்ன ஆச்சுன்னு தெரியுமா? எதிர்ல ஒமர் நர்வாயெஸ். அர்ஜென்டினாக்காரர், அதுவரைக்கும் தன் தொழில் வாழ்க்கைல ஒரு தடவை கூடக் கீழ விழாதவர். டோனைரே கூட 12 ரவுண்ட் ஆடியும் அவரை விழ வைக்க முடியல. இனோவே ரெண்டு ரவுண்டுக்குள்ள நாலு தடவை விழ வச்சார். நர்வாயெஸ் தரப்பு, கிளவுஸ்ல ஏதாவது வச்சிருக்காங்களான்னு கழட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்தாங்க. ஒண்ணும் இல்ல, கைதான் இருந்துச்சு. அந்தக் கையும் அந்த ஃபைட்ல அடிபட்டு, அடுத்த ஃபைட்டுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம் 118-ல 2022 டிசம்பர்ல பால் பட்லரை முடிச்சு நாலு பெல்ட். 122-ல 2023 ஜூலைல ஸ்டீபன் ஃபுல்டன், டிசம்பர்ல தபாலெஸ், மறுபடி நாலு பெல்ட். 122-க்கு வந்த முதல் ஃபைட்லயே, அதுவரை தோக்காத சாம்பியனை எட்டாவது ரவுண்ட்ல நிறுத்தினார்.

சரி, இவ்வளவு தடவை ஏறினவர் இன்னொரு தடவை ஏறினா என்னன்னு கேக்கலாம். இங்கதான் வயசு வருது. 108-ல இருந்து 115-க்குப் போனப்போ அவருக்கு 21. அந்த உடம்பு வளர்ந்துக்கிட்டு இருந்துச்சு, தராசுதான் அதைப் பிடிச்சு அமுக்கி வச்சிருந்துச்சு. நகோயால 32. இனிமே வளர்றதுக்கு ஒண்ணும் இல்ல. எல்லாரும் உதாரணமா சொல்ற மேனி பாக்கியாவோவும் 112-ல ஜெயிச்சப்போ 19 வயசுப் பையன். அவர் மேல போனது பெரிய ஆளா ஆகி. இனோவே மேல போனா இதே ஆளாத்தான் போகணும்.

ஏறும்போது எது கூட வராது?

இதுக்கு ரெண்டு பேரைப் பார்க்கணும். ரெண்டு பேருமே இனோவே கதைக்குள்ள வர்றவங்க.

முதல் ஆள் டோனைரே. 118-லயும் 122-லயும் இடது ஹூக்கால எல்லாரையும் தூக்கிப் போட்டவர். அப்புறம் 126-க்குப் போனார். 2014 மே மாசம் சிம்பிவே வெட்யேகாவை ஜெயிச்சுப் பெல்ட்டும் வாங்கினார். அக்டோபர்ல நிக்கோலஸ் வால்டர்ஸ் அவரை ஆறாவது ரவுண்ட்ல நாக் அவுட் பண்ணினார். டோனைரேயோட அடி வால்டர்ஸ் மேல படாம இல்ல, பட்டுச்சு. ஆனா பட்டும் வால்டர்ஸ் நின்னார். அதுதான் விஷயம். அப்புறம் டோனைரே கீழ இறங்கி இறங்கி 118-க்கே வந்து, அங்க 2019-ல இனோவேயை அந்த அளவுக்குப் படுத்தினார். அதே கை, அதே ஹூக். 126-ல நிறுத்த முடியாத அடி, 118-ல எலும்பை உடைச்சுது.

ரெண்டாவது ஆள் ரோமன் கொன்சாலெஸ், சாக்லட்டீட்டோ. 105, 108, 112, 115, நாலு எடையிலயும் சாம்பியன், 46 ஃபைட் தோக்காதவர். 115-ல 2017 மார்ச்ல ஸ்ரீசாகெத் சோர் ருங்விசாய்கிட்ட முதல் தோல்வி. செப்டம்பர்ல மறுபடி மோதி நாலாவது ரவுண்ட்ல நாக் அவுட் ஆனார். கலிபோர்னியால அந்த ராத்திரி அதே மேடைல இனோவேயும் ஆடினார், அமெரிக்கால அவரோட முதல் ஃபைட். ஒரு எடை அதிகமா ஏறினா என்ன ஆகும்ங்கிறதுக்கு அதைவிடக் கிட்டத்துல இருந்து பாடம் கிடைக்காது.

ரெண்டு கதைலயும் முதல்ல காலியாகுறது அடியோட பலம். பலம் குறைஞ்சுடுச்சுன்னு அர்த்தம் இல்ல, வாங்குற உடம்பு பெரிசாயிடுச்சு. அது தெரியாம, "இன்னும் ஒண்ணு விட்டா விழுந்துடுவான்"னு உள்ளயே நின்னா, திரும்பி வர்ற அடி மட்டும் பெரிசாத்தான் வரும். ஏறும்போது கூட வர்றது கால், தூரம் பிடிக்கிற கண், பொறுமை. நகோயால இனோவே காட்டினது சரியா இந்த மூணும்தான். 126-ல எப்படி ஆடணுமோ அப்படி 122-லயே 12 ரவுண்ட் ஆடிக் காட்டினார். என் வேலை பாஷைல சொன்னா, ப்ரொடக்‌ஷனுக்குப் போறதுக்கு முன்னாடி முழு லோடோட ஒரு டெஸ்ட் ரன்.

ரெண்டு இடது ஹூக்

இதுக்கு எதிர்ப்பக்கமும் சொல்லணும், இல்லன்னா இது ரசிகர் மன்றக் கூட்டம் ஆயிடும்.

2024 மே 6, டோக்கியோ டோம். முதல் ரவுண்ட்ல லூயிஸ் நேரி ஒரு இடது ஹூக் போட்டார், வாழ்க்கைலயே முதல் தடவையா இனோவே கீழ விழுந்தார். எழுந்து, ஆறாவது ரவுண்ட்ல நேரியை முடிச்சார். 2025 மே 4, லாஸ் வேகஸ். ரெண்டாவது ரவுண்ட் முடியப்போற நேரம், ரமோன் கார்டெனாஸ் இடது ஹூக், மறுபடி கீழ. எட்டாவது ரவுண்ட்ல கார்டெனாஸை நிறுத்தினார். அந்த ஃபைட்டோட உலக டைட்டில் ஃபைட்கள்ல 23 நாக் அவுட் ஆச்சு, ஜோ லூயிஸோட 22-ஐத் தாண்டினார். எல்லாரும் அந்த சாதனையைப் பேசினாங்க. நான் அந்த ரெண்டாவது ரவுண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

ரெண்டு தடவையும் ஒரே விஷயம். இனோவே கிட்டத்துல நின்னு தன் அடியை விட்டுக்கிட்டு இருக்கார், எதிராளி அதே நேரத்துல ஒரு குட்டி இடது ஹூக்கை உள்ள விடுறார். ரெண்டு தடவையும் சுதாரிச்சு எழுந்தார், உண்மை. ஆனா நேரியும் கார்டெனாஸும் 122-ல ஆடினவங்க. அதே ஹூக் 126-ல ஒருத்தர்கிட்ட இருந்து வந்தா அதே மாதிரி எழுந்துடுவார்னு யார் உத்தரவாதம் கொடுக்க முடியும்?

அதனாலதான் நகோயா முக்கியம்னு சொல்றேன். மே மாசம் விழுந்த மனுஷன், அந்த ஃபைட்டைப் பார்த்து, நாலு மாசத்துல ஆட்டத்தையே மாத்திக்கிட்டு வந்திருக்கார். கூட்டம் எதிர்பார்க்கிற நாக் அவுட்டைக் கொடுக்காம இருக்கிறதுக்கும் ஒரு மன உறுதி வேணும்.

126-ல யார் இருந்தாங்க?

2025 செப்டம்பர்ல, நகோயா ஃபைட் நடந்தப்போ, நாலு சாம்பியன். லிவர்பூல்காரர் நிக் பால், மெக்சிகோவோட ரஃபேல் எஸ்பினோசா, ஆஞ்செலோ லியோ, ஸ்டீபன் ஃபுல்டன்.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? ஃபுல்டன் அதே ஃபுல்டன்தான். 2023-ல 122-ல இனோவேகிட்ட நாக் அவுட் ஆனவர். மேல போய், 2025 பிப்ரவரில பிராண்டன் ஃபிகெரோவாவை ஜெயிச்சு 126-ல சாம்பியன் ஆயிட்டார். லியோவும் 122-ல பெல்ட் வச்சிருந்தவர்தான், அதை 2021-ல ஃபுல்டன்கிட்ட இழந்தார். ஆக, அப்போ நாலுல ரெண்டு பெல்ட் 122-ல இருந்து மேல போனவங்க கையில இருந்துச்சு. 126-னா ராட்சசர்கள் ஊர்ங்கிற பயம் பாதிதான் உண்மை.

நிக் பால் இனோவேயை விடக் குள்ளம். ஆனா கிட்டத்துல வந்து ஓயாம அடிக்கிறவர், குட்டி ஹூக்தான் அவர் சாப்பாடு. உயரத்தைப் பார்த்து ஈஸின்னு நினைக்காதீங்க. நேரியும் கார்டெனாஸும் போட்ட அடியை அவர் நாள் முழுக்கப் போடுவார்.

எஸ்பினோசாதான் பாக்கி பாதி உண்மை. 185 சென்டிமீட்டர். இனோவே 165. ஒரு ஜாண் உயரம் வித்தியாசம். அவ்வளவு உயரத்தை வச்சுக்கிட்டு தள்ளி நின்னு ஆடினா கூடப் பரவாயில்ல, இவர் கிட்டத்துல வந்து மழை மாதிரி அடிக்கிறவர். ரோபெய்சி ராமிரெஸ் ரெண்டு தடவை ஒலிம்பிக் தங்கம் வாங்கினவர். அவரையே ரெண்டு தடவை ஜெயிச்சார். இந்த ஆளோட மோதுறதுதான் நிஜமான நாலு பவுண்ட் கேள்வி.

தராசுல வைக்க வேண்டிய இன்னொண்ணு

இதைச் சொல்லாம இந்த எபிசோடை முடிக்க எனக்கு மனசில்ல. 2025 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, டோக்கியோ கொரகுவென் ஹால்ல ஒரே நாள், ஒரே மேடைல ஆடின ரெண்டு பாக்ஸர்கள் மூளைல ரத்தம் கட்டி, ஆபரேஷன் பண்ணியும் ஒரு வாரத்துக்குள்ள இறந்து போனாங்க. ரெண்டு பேருக்கும் வயசு 28. அதுல ஒருத்தர் 12 ரவுண்ட் முழுசா ஆடி டிரா பண்ணினவர். அதுக்கப்புறம் ஜப்பான் கமிஷன், ஓரியன்டல் பசிபிக் டைட்டில் ஃபைட்டை 12-ல இருந்து 10 ரவுண்டாக் குறைச்சுது. எடை இறக்குறதுக்காகத் தண்ணியை வத்த வைக்கிறதையும் அங்க திரும்பப் பேச ஆரம்பிச்சாங்க. அந்த ரெண்டு மரணத்துக்கும் அதுதான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா உடம்புல தண்ணி வத்தினா மூளை அடியைத் தாங்குற சக்தி குறையலாம்ங்கிற கவலை மருத்துவர்களுக்கு ரொம்ப நாளா இருக்கு.

இந்தக் கோணத்துல பார்த்தா எடை ஏறுறது ரெண்டு பக்கமும் கூர்மை உள்ள கத்தி. 126-க்குப் போனா குறைவா வத்த வச்சாப் போதும், அது உடம்புக்கு நல்லது. அதே நேரம் வாங்குற அடி பெரிய உடம்புல இருந்து வரும், அது தலைக்குக் கெட்டது. நாம சோஃபால உக்காந்து "அஞ்சாவது எடை, சரித்திரம்"னு பேசறோம். 2025 செப்டம்பர் வரைக்கும் ஜப்பான்ல ஆண்கள்ல அஞ்சு எடைல சாம்பியன் யாரும் இல்ல, அதனால அந்த ஆசை புரியுது. ஆனா அந்தச் சரித்திரத்துக்கான விலையைத் தலைல வாங்குறது ஒரே ஒருத்தர்தான்.

அப்போ என்ன பண்ணலாம்?

நகோயா ஃபைட் முடிஞ்சப்போ பேசப்பட்ட திட்டம், 2025 டிசம்பர்ல ரியாத்ல அலன் பிகாசோ, 2026 மே மாசம் டோக்கியோ டோம்ல ஜுன்தோ நகதானி. ரெண்டுமே 122-ல. எனக்கு இது சரியான வரிசையாப் படுது. நகதானி அப்போ வரைக்கும் தோக்காதவர், இடது கை ஆட்டக்காரர், 172 சென்டிமீட்டர், 112-ல இருந்து மூணு எடைல பெல்ட் வாங்கிட்டு வர்றவர். உயரமான, நீளக் கை உள்ள, நல்லா அடிக்கத் தெரிஞ்ச ஆள்கிட்ட இந்த விலகி ஆடுற ஆட்டம் எடுபடுமாங்கிறதுக்கு 122-லயே கிடைக்கிற பரீட்சை அது. அங்க பழையபடி உள்ள புகுந்து நின்னு அடிச்சு ஜெயிச்சார்னா, வெற்றிக்கு நான் கைதட்டுவேன், ஆனா 126 பத்தி என் பயம் கூடத்தான் செய்யும். நகோயா மாதிரி ஆடி ஜெயிச்சார்னா, போகலாம்.

போனா முதல்ல ஃபுல்டனோ லியோவோ. அந்த எடை உடம்புல எப்படி உக்காருதுன்னு ஒரு ஃபைட்ல தெரியட்டும். அப்புறம் நிக் பால். எஸ்பினோசா கடைசி, வேணும்னா மட்டும். ஜிம் தலைவர் ஒஹாஷியும் அப்பா ஷிங்கோவும் இதுவரைக்கும் அவசரப்பட்டது கிடையாது. 118-ல நாலு பெல்ட்டும் சேர்றதுக்கு நாலரை வருஷம் காத்திருந்தவங்க அவங்க.

126-ங்கிறது 108-ஐ விடச் சரியா ஆறுல ஒரு பங்கு அதிகம். அவர் ஆரம்பிச்ச இடத்துல இருந்து ஆறுல ஒரு பங்கு பெரிய மனுஷங்களோட மோதப் போறார். அதுல நாக் அவுட் வரலன்னா, "வயசாயிடுச்சு"ன்னு மெசேஜ் போடாதீங்க. அப்போதான் அவர் சரியா ஆடறார்னு அர்த்தம்.

உங்க கருத்து என்ன? எஸ்பினோசாவோட மோதணுமா, வேண்டாமா? எழுதி அனுப்புங்க, நல்ல எதிர்வாதமா இருந்தா அடுத்த எபிசோட்ல படிச்சு பதில் சொல்றேன். நகோயா ஃபைட்டை இன்னும் பார்க்காதவங்க, முழுசாப் பாருங்க, கையை விட்டுட்டு கால் மேல கண் வச்சுப் பாருங்க.